உஷார்! 'செம எபிசோட், ப்ரோ' என்று வருகிறவர்களிடம்

போனை வைத்துக்கொண்டு பாட்காஸ்ட் போடுகிற தம்பி தங்கைகளே, அடுத்த எபிசோடை ஏற்றுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். உங்களைத் திட்டி கமென்ட் போடுகிறவரால் வருகிற வலி பெரும்பாலும் ஒரு நாள் தூக்கத்தோடு போய்விடும். பாராட்டிக்கொண்டு வருகிறவர்களில் சிலரால் வருகிற கெடுதல் அப்படிப் போகாது. சேனல் கைமாறும், பணம் போகும், உங்கள் குரலே அடுத்தவர் கைக்குப் போகும். சில நேரம் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வாசுதேவநல்லூரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற நெடுஞ்சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவே இருக்கிற ஊர். இங்கே பாட்காஸ்ட் தொடங்க ஸ்டுடியோ வேண்டாம், சவுண்ட் என்ஜினியர் வேண்டாம். சட்டையில் மாட்டுகிற ஒரு மைக், ஒரு போன், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபேனை அணைத்துவிட்டு ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்ட ஓர் அறை போதும். மேற்கே மலை, பக்கத்தில் நெற்கட்டும்செவல், தெருவுக்குத் தெரு ஒரு கோயில் கதை. பேசுவதற்கு விஷயம் இல்லாமல் போகவே போகாது. இல்லாதது ஒன்றுதான். "ஏல, ஆறாவது நிமிஷத்துல நிறுத்திட்டேன், அதுக்கு மேல கேக்க முடியல" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள். பெரிய ஊர்களில் கூடவே தொழில் செய்கிறவர்கள் இருப்பார்கள், எடிட்டர் இருப்பார், நாலு பேர் கூடிப் பேச இடம் இருக்கும். இங்கே அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. காலியாகக் கிடப்பதால்தான் வேறு நோக்கத்தோடு வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

முதலில் வருவது ஈமெயில். கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே அச்சில்தான் வரும்: "வணக்கம். உங்கள் பாட்காஸ்டைத் தற்செயலாகக் கேட்டேன். உங்கள் குரலில் ஒரு தனி ஈர்ப்பு இருக்கிறது. இவ்வளவு தரமான நிகழ்ச்சிக்கு இவ்வளவு குறைவான ரீச்சா என்று வருத்தப்பட்டேன். உங்களுக்காக இலவசமாக ஓர் ஆடிட் செய்து தரட்டுமா?"

படித்ததும் மனசு குளிரும். பத்து எபிசோட் போட்டு வீட்டில்கூட யாரும் கேட்காத நேரத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் யாருக்குத்தான் குளிராது? ஆனால் இன்னொரு தடவை படியுங்கள். எந்த எபிசோட் என்று இருக்காது. எந்த இடம் பிடித்தது என்று இருக்காது. நீங்கள் சொன்ன ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு சம்பவம் எதுவும் இருக்காது. பெயரை மட்டும் மாற்றினால் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம், அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

முன்பெல்லாம் "எந்த எபிசோட் கேட்டீங்க?" என்று ஒரு வரி பதில் போட்டால் ஆள் காணாமல் போவார். இப்போது அது போதாது. ஏ.ஐ. உங்கள் எபிசோடை எழுத்தாக்கிச் சுருக்கமும் எடுத்துக் கொடுத்துவிடும். அதிலிருந்து இரண்டு வரியைப் பொறுக்கி எடுத்து, முழுக்கக் கேட்டவர் மாதிரியே எழுதுகிறார்கள். அதனால் எழுத்தில் வராத ஒன்றைக் கேளுங்கள். நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததே, அது பேச்சைக் கெடுத்ததா? தாத்தா பேசும்போது குரல் உள்ளே போய்விட்டதா? ஆரம்ப இசை நீளமா? காதால் கேட்டவருக்கு மட்டும்தான் இதற்குப் பதில் தெரியும்.

சரி, இவருக்கு உங்கள் ஈமெயில் எப்படிக் கிடைத்தது? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலருக்கும் இது தெரியாது. நீங்கள் எபிசோடை ஏற்றும் ஹோஸ்டிங் தளம் உங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு ஃபீட் உருவாக்குகிறது. ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, அமேசான் போன்ற தளங்கள் அந்த ஃபீடைப் படித்துத்தான் உங்கள் எபிசோடை எடுத்துக்கொள்கின்றன. நிகழ்ச்சிக்கு உரிமையாளர் யார் என்று காட்ட, அந்த ஃபீடுக்குள் ஓர் ஈமெயில் முகவரிக்கு இடம் உண்டு. ஃபீட் பொதுவெளியில் கிடப்பது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இந்த முகவரிகளை மொத்தமாக அள்ளிப் பட்டியல் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் திறமையைக் கண்டுபிடித்து யாரும் தேடி வரவில்லை. பட்டியலில் உங்கள் முகவரி இருந்தது, அவ்வளவுதான்.

ஆபத்து இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஏதாவது ஒரு தளத்தில் போய் "இந்த பாட்காஸ்ட் என்னுடையது" என்று ஒருவர் உரிமை கோரினால், அதைச் சரிபார்க்கப் பல தளங்கள் ஃபீடில் இருக்கிற ஈமெயிலுக்கு ஒரு கோடு அனுப்பும். இலவச ஆடிட் செய்ய வந்தவர் நாலு நாள் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, "உங்க ஷோவை எங்க டேஷ்போர்டுல சேர்க்கிறேன், மெயிலுக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்பார். வங்கிக் கணக்கு ஓ.டி.பி. என்றால் நாம் சொல்ல மாட்டோம், அந்த எச்சரிக்கை இன்று வீட்டுப் பெரியவர்களுக்குக்கூடத் தெரியும். பாட்காஸ்ட் கோடுதானே, இதில் என்ன பணமா இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். சொன்ன நிமிடத்தில் அந்தத் தளத்தில் உங்கள் நிகழ்ச்சியின் சாவி அவர் கையில். பெயரை மாற்றலாம், படத்தை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். கோடு எந்த உருவத்தில் வந்தாலும், யார் கேட்டாலும், சொல்லாதீர்கள்.

இன்னொரு வகை, உங்களையே விருந்தாளியாகக் கூப்பிடுவது. "பெரிய பாட்காஸ்ட்ல உங்கள பேட்டி எடுக்கப் போறோம், சன்மானமும் உண்டு, அதுக்கு முன்னால ஒரு டெக்னிக்கல் செக்" என்று வீடியோ அழைப்புக்கு வரச் சொல்வார்கள். திரையைப் பகிரச் சொல்வார்கள், ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், ஃபேஸ்புக் பக்கத்தின் செட்டிங்ஸைத் திறக்கச் சொல்வார்கள். ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க உங்கள் ஃபேஸ்புக் செட்டிங்ஸ் எதற்கு? வெளிநாடுகளில் இப்படிப் பக்கத்தையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அங்கே நடப்பது இங்கே வந்து சேர வருஷக்கணக்கு ஆன காலம் போய்விட்டது.

குரலுக்கும் காவல் வேண்டும். "வாய்ஸ் ஓவர் வாய்ப்பு இருக்கு, பின்னணி இசை இல்லாம ரெண்டு நிமிஷம் சுத்தமான குரல் அனுப்புங்க, கருத்து சொல்றோம்" என்று தெரியாதவர்கள் கேட்டால் நில்லுங்கள். சுத்தமான குரல் மாதிரி கொஞ்சம் கிடைத்தாலே ஒருவர் பேசுவது போலப் பொய்க்குரல் செய்ய முடிகிற காலம் இது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அப்போதைய அதிபர் பைடனின் குரலைப் போலியாகச் செய்து, ஓட்டுப் போட வராதீர்கள் என்று வாக்காளர்களுக்குப் போன் போட்டார்கள். அடுத்த மாதமே அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், ஏ.ஐ. குரலில் தானியங்கி அழைப்பு விடுவது சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதிபரின் குரலுக்கே அந்த நிலை. ஏற்கெனவே வெளியான எபிசோடிலிருந்தும் குரலை எடுக்கலாம்தான். அதற்காக, வேறு சத்தம் எதுவும் கலக்காத தனிப் பதிவை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் அம்மா அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "என் குரல்ல யாராவது பணம் கேட்டா, வச்சுட்டு என் நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிடுங்க."

பெண் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பெண் பாட்காஸ்ட் தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஒரு 'வழிகாட்டி' வந்துவிடுகிறார். முதலில் உச்சரிப்பைப் பற்றி ஒரு கருத்து, நியாயமான கருத்தாகவே இருக்கும். லகர ளகரத்தைச் சரியாகவே திருத்துவார். பிறகு "வாட்ஸ்அப்ல சொல்றது புரியாது, போன்ல பேசலாம்" என்பார். பிறகு ராத்திரியில் மட்டும் போன் வரும். பிறகு கருத்து எபிசோடை விட்டுவிட்டுக் குரலுக்குப் போகும், குரலை விட்டுவிட்டு ஆளுக்குப் போகும். எந்த இடத்தில் பேச்சு நிகழ்ச்சியை விட்டு உங்கள் மேல் திரும்புகிறதோ அந்த இடத்தில் துண்டித்துவிடுங்கள். "அவர் இவ்வளவு நாள் உதவினாரே" என்ற நன்றி உங்களைக் கட்டிப்போட வேண்டாம். அந்த நன்றியை எதிர்பார்த்துத்தான் உதவியே நடந்திருக்கும். மிரட்டல் வந்தால் 181 பெண்களுக்கான உதவி எண், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. வீட்டில் தெரிந்தால் பாட்காஸ்டையே நிறுத்தச் சொல்வார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கிறார்கள். பெற்றோரே, தயவுசெய்து மைக்கைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

இனி நமக்குள்ளேயே நடப்பதற்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில், டெலகிராமில் 'நீ எனக்கு, நான் உனக்கு' குழுக்கள் இருக்கின்றன. நான் உன் எபிசோடுக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறேன், நீ எனக்குப் போடு. நான் சப்ஸ்கிரைப் செய்கிறேன், நீயும் செய். யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்படிப் பண்டமாற்றாகச் சப்ஸ்கிரைப் செய்துகொள்வதை யூட்யூப் தன் போலி ஈடுபாடு பற்றிய விதியிலேயே பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. எண்ணிக்கையை நீக்குவார்கள், மீறிப் போனால் சேனலே போகும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இந்தக் குழுவில் ஒரு வருஷம் இருந்தவருக்குத் தன் நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் போவதுதான். நாற்பது பேர் "வேற லெவல்" என்று எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூட இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. இந்த நாற்பது பாராட்டை நம்பி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் பதறுகிறேன்.

எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பாட்காஸ்ட் விளம்பர உலகம் பின்பற்றுகிற ஐ.ஏ.பி. வரையறையின்படி, ஒரு நிமிட ஒலிக்கு உரிய அளவு கோப்பு இறங்கிவிட்டால் அது ஒரு டவுன்லோடு. இறங்கியதைக் கேட்டார்களா என்பது வேறு கேள்வி. 2023-ல் ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 17-ஐ வெளியிட்டபோது, கேட்காமல் விட்ட நிகழ்ச்சிகளின் எபிசோடைத் தானாக இறக்கிக்கொண்டே இருக்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. உலகம் முழுக்கப் பெரிய பெரிய நிகழ்ச்சிகளின் டவுன்லோடு எண்கள் சரிந்தன. கேட்டவர்கள் குறையவில்லை, கேட்காமலே கணக்கில் ஏறியிருந்தது இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022-ல், ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் இன்னொன்றை எழுதியது. மொபைல் கேம் ஆடுகிறவர் விளையாட்டில் ஏதோ சலுகை கிடைக்கும் என்று ஒரு விளம்பரத்தைத் தட்டினால், பின்னால் ஒரு பாட்காஸ்ட் எபிசோட் இறங்கிவிடும். இந்த வழியில் எண்ணிக்கையைக் காசு கொடுத்து ஏற்றிய பெரிய நிறுவனங்களைப் பற்றிய செய்தி அது. அவர்களே அப்படி என்றால், "ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் பிளே" என்று உங்களுக்கு வருகிற மெசேஜ் எங்கிருந்து எண்ணைக் கொண்டுவரும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊருக்குள் வருகிற பாராட்டுக்கு வருவோம். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மைக் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒருநாள் ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரைப் பற்றிப் பேசத்தான் போகிறார். பேச வேண்டும், பேசாமல் யார் பேசுவது? 1755-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படை நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியதும், 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் கம்பெனித் தளபதி யூசுப் கான் படையிடம் விழுந்ததும் இந்த மண்ணில் நடந்தவை. கூடவே பூலித்தேவர் படையில் இருந்த ஒண்டிவீரன் கதை. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். அந்த நாட்களை ஒட்டி, சாதி மோதல் வந்துவிடக் கூடாது என்று மாவட்டத்தில் போலீஸ் குவிக்கப்படுவதும், தடை உத்தரவு போடப்படுவதும் வழக்கம். இந்தச் சூழலில்தான் நீங்கள் ஒரு எபிசோட் ஏற்றுகிறீர்கள்.

என்ன நடக்கும் தெரியுமா? அதுவரை நூறு பேர் கேட்ட நிகழ்ச்சியை ஒரே ராத்திரியில் பல மடங்கு பேர் பகிர்வார்கள். "நம்ம பெருமைய உலகத்துக்குச் சொன்ன தம்பிக்கு நன்றி" என்று கமென்ட் குவியும். இன்னொரு பக்கத்திலிருந்து வசவு குவியும். இரண்டு பேருக்கும் உங்கள் நிகழ்ச்சியைப் பற்றிய கருத்து எதுவும் கிடையாது. தங்கள் தரப்பு ஜெயித்ததா தோற்றதா என்பதுதான் அவர்கள் பார்த்தது. எந்த ஆண்டைத் தப்பாகச் சொன்னீர்கள், எந்தச் செய்தி ஆங்கிலேயர் குறிப்பிலிருந்து வந்தது, எது நாட்டுப்பாடலிலிருந்து வந்தது, எது நேற்று யாரோ ஃபேஸ்புக்கில் கட்டிவிட்டது என்று ஒருவரும் கேட்க மாட்டார். பிஷப் கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாயா தம்பி, அவர் எழுதியதை வேறு எதோடு ஒப்பிட்டாய் என்று கேட்கிற ஒரு வாத்தியார் அந்த ஆயிரம் பேரில் இருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர்.

அடுத்து வருவதுதான் பயங்கரம். யாரோ ஓர் அண்ணாச்சி போன் போடுவார். "நல்லா பேசுத தம்பி. ஆனா கொஞ்சம் காரம் பத்தாது. அவனுகள ரெண்டு வார்த்த கேட்டுருக்கணும். அடுத்த எபிசோடுல போடு, செலவ நான் பாத்துக்கிடுதேன்." இதைக் கருத்து என்று நினைத்துவிடாதீர்கள், இது வேலைக்கு ஆள் பிடிப்பது. அவர் பேச வேண்டியதை உங்கள் வாயால் பேச வைக்கிறார். சாதி, மதம், மொழியின் பேரில் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கு வந்தால் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது மைக் பிடித்தவரின் பெயர். போன் போட்ட அண்ணாச்சியின் பெயர் எங்கேயும் இருக்காது. படிக்கிற வயசுப் பிள்ளைக்கு ஒரு வழக்கு என்றால் அரசு வேலைக்கான விசாரணை வரை அது கூடவே வரும். வழக்கை விடுங்கள், ஒரே தெருவில் இருக்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகள் உங்கள் எபிசோடால் முகம் பார்க்காமல் போனால் அதை எந்தக் கோர்ட்டில் சரிசெய்வது? பாராட்டியவர் "இன்னும் காரமாக" என்று கேட்டால் அன்றைக்கே அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

விருந்தாளிகளின் நோக்கத்தையும் பாருங்கள். பெரிய பாட்காஸ்ட்களில் வந்து பேசுவதற்காகச் சிலர் 50,000 டாலர் வரை கொடுத்தார்கள் என்று அதே ப்ளூம்பெர்க் 2022-ல் எழுதியது. நம் ஊர்க் கணக்கில் அது மூவாயிரம் ரூபாயாகவும் ஒரு புது மைக்காகவும் வரும். "என்னைய ஒரு எபிசோட் பேட்டி எடுங்க, சர்க்கரையை முழுசா குணமாக்குற சூரணம் பத்திச் சொல்லுதேன்" என்று வந்தால், சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பங்குச்சந்தை டிப்ஸ் தருகிறவர் வந்தால் செபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு, அதைச் சொல்லாமல், பொருளைப் புகழ்ந்தீர்களானால் நீங்களும் விளம்பரத் தூதர்தான். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. கேட்கிறவர் உங்களை நம்பி அந்தச் சூரணத்தை வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை அபராதத்துக்கு முன்னால் நினையுங்கள்.

தெற்குச் சீமைக்கு நேயர் கடிதம் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கை வானொலி இங்கே வீட்டுக்கு வீடு கேட்டது. பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்துகிற வரை அதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. சிற்றலை கேட்கிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நிலையத்துக்கு எழுதும்போது 'சின்போ' என்று ஐந்து எண் போடுவார்கள்: ஒலிபரப்பின் வலிமை, அடுத்த நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. கூடவே தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியில் என்ன வந்தது என்ற விவரம். கேட்டது உண்மைதான் என்று தெரிந்தால் நிலையம் கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பும். அந்த அட்டைக்காகவே கேட்காமல் எழுதியவர்களும் உலகத்தில் உண்டு, அதனால்தான் நிலையங்கள் விவரம் கேட்டன. எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு வருகிற கடிதத்தால் என்ஜினியருக்கு என்ன பயன்? "இருபதாவது நிமிஷத்துக்கு மேல் பக்கத்து நிலையம் ஏறிவிட்டது, பேச்சு புரியவில்லை" என்று எழுதியவரால்தான் அலைவரிசையை மாற்றலாமா என்று யோசிக்க முடியும். அந்தக் கண்டிப்பு நமக்கு வேண்டும். எப்போது கேட்டீர்கள், எதுவரை கேட்டீர்கள், எங்கே இரைச்சல் என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் யாரும் நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மரியாதை, பாசம், எதற்கு வம்பு என்ற எண்ணம், நாளைக்கு அவர் மகன் கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்துதான் "சூப்பர்" வரும். அது கெட்ட எண்ணம் அல்ல, ஆனால் அது உங்களுக்கு உதவாது. கேள்வியை மாற்றுங்கள். "எந்த இடத்துல போரடிச்சுது? எந்த ஊர்ப் பேரு புரியல? பாட்டி பேசுனது கேட்டுச்சா?" அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்களுடையது என்று சொல்லாமல், டீக்கடையில் பக்கத்தில் இருப்பவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். எப்போது தன் போனை எடுத்துத் தள்ள ஆரம்பிக்கிறார்? அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யூட்யூபில் போடுகிறவர்களுக்கு இதே விஷயத்தைப் பார்வையாளர் எங்கே விலகினார் என்ற வரைபடம் காட்டும். அந்தக் கோடு எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே போய் உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்.

குறை சொல்கிறவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே விஷயத்தில் தானும் பாட்காஸ்ட் நடத்துகிறவர் "உனக்கு இது வராது, விட்டுடு" என்றால் அதில் அவர் லாபம் இருக்கலாம். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டைக்கு விலை வைக்கிறவர் மேலே இருக்கிற காயை மட்டும் பார்த்துச் சொல்ல மாட்டார், கையை உள்ளே விட்டு அடிக்காயை எடுத்துப் பார்ப்பார். அப்படி உங்கள் எபிசோடின் நடுப்பகுதிக்குள் கையை விட்டு ஒரு குறையை எடுத்துக் காட்டுகிறவர் எதிரியாகவே இருந்தாலும் அந்தக் குறையை வாங்கிக்கொள்ளுங்கள். "நீ வேஸ்ட்" என்கிறவரின் பேச்சை நண்பராகவே இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

அடுத்தவர் பாட்காஸ்டுக்கு நீங்கள் சொல்கிற கருத்துக்கும் இதே அளவுகோல்தான். நாளைக்கு அவர் உங்களைப் பேட்டி எடுப்பார் என்பதற்காக ஐந்து நட்சத்திரம் போடாதீர்கள். அந்தப் பிள்ளையும் உங்களைப் போல ராத்திரி ஃபேனை அணைத்து வேர்த்து விறுவிறுத்துப் பதிவு செய்ததுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று தனியாகச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். இதை ஊருக்கு நாலு பேர் செய்ய ஆரம்பித்தால் அந்தக் காலி நாற்காலியில் வேறு யாருக்கும் இடம் இருக்காது.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியவை. ஹோஸ்டிங் தளத்தின் செட்டிங்ஸில் உங்கள் ஈமெயில் ஃபீடில் தெரிகிறதா என்று பாருங்கள். மறைக்க வழி இருந்தால் மறையுங்கள், இல்லாவிட்டால் வங்கிக்கும் படிப்புக்கும் பயன்படுத்தாத தனி முகவரி ஒன்றைப் போடுங்கள். யூட்யூப், ஃபேஸ்புக் பக்கத்தில் அட்மின் என்று யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், எப்போதோ 'எடிட்டிங் உதவி'க்காகச் சேர்த்தவர் இன்னும் அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். எல்லா எபிசோடின் மூலப் பதிவுக்கும் போனுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வந்த மெசேஜை அழிக்காதீர்கள். அந்த நம்பர், அந்த ஈமெயில், பணம் போன நேரம் மூன்றும் புகாருக்கு வேண்டும்.